மதுவக் கலத்தில் முகவரி வாசிக்கும் புரதங்கள்

அப்பத்துக்கு மாக் கரைத்து, அதனுள்ளே சிறிது கள்ளை விட்டு மூடி வைத்துவிட்டு இரவிற் படுக்கைக்குப் போகும் இல்லத்தரசி, விடியற்காலையில் எழுந்து பார்க்கும்பொழுது மா பொங்கிப் பானையின் விளிம்பை எட்டி நிற்பதைக் காண்கிறாள். அந்த வேலையைச் செய்து முடித்தவை மதுவம் எனப்படும் நுண்ணுயிர்கள். கள்ளிலும் வெதுப்பகத்து மாவிலும் பெருகுவது பெரும்பாலும் இந்த இனமே. ஒரு மதுவ உயிர் என்பது ஒரேயொரு கலம். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் ஏறக்குறைய இருநூற்றிலொரு பங்கு. கண்ணுக்குப் புலப்படாத அந்தச் சிறு உருண்டையினுள்ளே, பெரிய நகரமொன்றின் தபாற் கந்தோரில் நடப்பதையொத்த கருமமொன்று இரவும் பகலும் நடந்துகொண்டிருக்கிறது. பல்லாயிரம் கடிதங்கள் எழுதப்படுகின்றன. அவற்றுட் சில உடனே வாசிக்கப்படுகின்றன; சில குறித்த மூலைக்குக் கொண்டு செல்லப்படுகின்றன; சில வாசிக்கப்படாமலே கிழித்தெறியப்படுகின்றன. எந்தக் கடிதத்துக்கு எந்தக் கதி என்பதை முடிவு செய்யும் தபாற்காரர் புரதங்களே. கண்ணும் அறிவும் இல்லாத ஒரு புரதம் தனக்குரிய கடிதத்தை எவ்வாறு அடையாளங் காண்கிறது என்னும் வினாவுக்கு விடை காண ஆராய்ச்சியாளருக்குப் பல ஆண்டுகள் வேண்டியிருந்தன.

கடிதம் என்று இங்கே சொல்லப்பட்டது யாது? கலத்தின் கருவினுள்ளே டீ.என்.ஏ. என்னும் நீண்ட இழைகளிற் பரம்பரையலகுகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மதுவத்தின் டீ.என்.ஏ. முழுவதும் 1996ஆம் ஆண்டில் எழுத்தெழுத்தாக வாசித்து முடிக்கப்பட்டது. கருவுடைய கலங்களைக் கொண்ட உயிர்களுள் இவ்வாறு முதன்முதலில் முற்றாக வாசிக்கப்பட்டது அதுவே. அதில் ஏறத்தாழ 6,000 பரம்பரையலகுகள் உண்டு. கலத்துக்கு ஒரு புரதம் தேவைப்படும்போது, அதற்குரிய பரம்பரையலகு ஆர்.என்.ஏ. என்னும் பொருளிற் படியெடுக்கப்பட்டுக் கருவைவிட்டு வெளியே அனுப்பப்படுகிறது. இந்தப் படியே தூது ஆர்.என்.ஏ. எனப்படும். 1961ஆம் ஆண்டில் பிறெனர், யாக்கோப், மெசெல்சன் முதலியோர் செய்த சோதனைகளால் அதன் இருப்பு உறுதியாயிற்று. கருவுக்கு வெளியே இறைபோசோம் என்னும் பொறி அந்தத் தூதை வாசித்துப் புரதத்தைக் கட்டுகிறது. தூதின் நெடுங்கணக்கில் நான்கு எழுத்துக்களே உள்ளன. அவை அடினைன், குவானைன், சைற்றோசைன், யுராசில் என்பன. அவற்றை முறையே அ, கு, சை, யு என்று சுருக்கிக் குறித்தல் வசதியாகும்.

கடிதம் எழுதப்பட்டவுடனே வேலை முடிந்தது, அது வாசிக்கப்படுவது தானாக நடக்கும் என்று நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர். எழுதுவதா எழுதாமல் விடுவதா என்பதிலேதான் கலத்தின் ஆட்சி முழுவதும் அடங்கியிருக்கிறதென்று கருதப்பட்டது. அந்தக் கருத்துத் தவறன்று, அரைகுறையானது. தூது ஒன்று கருவில் உருவாகும்போதே புரதங்கள் வந்து அதன்மீது அமர்கின்றன. கருவைவிட்டு வெளியே போனபின் வேறு சில வந்து சேர்கின்றன. அந்தத் தூது எத்தனை நிமிடம் வாழும், எங்கே போகும், எப்பொழுது வாசிக்கப்படும் என்பவற்றை இவையே தீர்மானிக்கின்றன. ஆர்.என்.ஏ.யைப் பற்றும் புரதங்கள் என்று இவற்றைச் சுட்டுவர்.

இவற்றுட் சிலவற்றுக்கு ஆள் பார்க்கும் தேவையில்லை. தூது ஆர்.என்.ஏ.யின் கடைசியில் அ என்னும் எழுத்தே மீண்டும் மீண்டும் வரும் நீண்ட வாலொன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த வாலைப் பற்றும் புரதம் ஏறக்குறைய எல்லாத் தூதுகளையும் ஒப்பப் பற்றும். கடித உறை எதுவாயினும் முத்திரையைக் கண்டால் அடித்து விடும் ஊழியரைப் போன்றது அது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான தூதுகளுக்கிடையே இருநூற்றை மட்டும் பொறுக்கியெடுத்து மற்றவற்றைத் தொடாமல் விடும் புரதங்களும் உண்டு. எல்லாத் தூதுகளும் ஒரே வகையான சர்க்கரையும் பொசுபேற்றும் மாறி மாறி வரும் முதுகெலும்பின்மீது அதே நான்கு எழுத்துக்கள் தொங்கும் இழைகளே. நூல் ஒன்று, மணிகள் நான்கு நிறம். அப்படியிருக்க, இந்தத் தெரிவு எவ்வாறு நிகழ்கிறது?

இதற்கு விடை தந்த புரதக் குடும்பத்தின் கதை மதுவத்தில் ஆரம்பிக்கவில்லை. ஒரு சிறு ஈயில் ஆரம்பித்தது. ஆய்வுகூடங்களில் வளர்க்கப்படும் பழ ஈயின் முட்டையில் வயிற்றுப் பகுதி உருவாவதற்கு இன்றியமையாத பரம்பரையலகொன்றைப் பற்றி லேமன், நுஸ்லைன்-வொல்ஹாட் என்னும் இரு பெண் அறிஞர் 1987ஆம் ஆண்டில் அறிவித்தனர். அது பழுதுபட்டால் வயிறு குறைந்த குட்டையுரு பிறக்கிறது. ஆதலின் இலத்தீன் மொழியிற் குள்ளன் எனப் பொருள்படும் பூமிலியோ என்னும் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. பத்தாண்டு கழித்து, 1997இல், ஒரு சிறு வட்டப்புழுவில் இதே சாயலுள்ள இன்னொரு புரதம் கண்டுபிடிக்கப்பட்டது. இவ்விரண்டின் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்துக் குடும்பத்துக்குப் பஃப் என்று பெயரிட்டனர். ஈயிலும் புழுவிலும் மனிதரிலும் உள்ள இந்தக் குடும்பம் மதுவத்திலும் இருப்பது அதன் டீ.என்.ஏ. வாசிக்கப்பட்டபோது தெரியவந்தது. பஃப்-1, பஃப்-2, பஃப்-3 என அவை எண்களாற் குறிக்கப்பட்டன.

மதுவத்தில் இவற்றின் தொழில் யாது என்பது 2000ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிப்பட்டது. ஒலிவாசு, பாக்கர் என்னும் இருவர் கொக்ஸ்-17 எனப் பெயரிய தூதொன்றை ஆராய்ந்தனர். இழைமணிகள் என்னும் கலவுறுப்புக்களே ஒட்சிசனைக் கொண்டு கலத்துக்கு வேண்டிய சக்தியைப் பிறப்பிக்கும் உலைகள். அந்த உலையின் முக்கியமான பகுதியொன்றுக்குச் செப்பு அணுவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கொக்ஸ்-17 தூதிலிருந்து உருவாகும் புரதம். சாதாரண மதுவக் கலத்தில் இந்தத் தூது மிக விரைவிற் சிதைந்து போகிறது. பஃப்-3 இல்லாத மதுவத்திலோ அது சிதையாமல் நெடுநேரம் நிலைத்திருக்கிறது. ஆகவே பஃப்-3 என்பது அந்தத் தூதைப் பற்றி அதன் அழிவைத் துரிதப்படுத்தும் புரதம் என்பது தெளிவாயிற்று. அது பற்றும் இடம் புரதத்தைக் கட்டுவதற்குரிய வாசகத்தில் இல்லை. வாசகம் முடிந்த பின் அ எழுத்து வாலுக்கு முன்னே உள்ள, இறைபோசோம் வாசிக்காமல் விடுகிற சிறு துண்டில் இருந்தது. கடிதத்தின் முடிவிற் கையொப்பத்துக்குக் கீழே எழுதப்படும் பின்குறிப்பை ஒத்தது அந்தத் துண்டு.

ஒரு தூதைப் பற்றி அறிந்தாயிற்று. பஃப்-3 பற்றுவது அது ஒன்றை மட்டுமா? 2004ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் கேர்பர், ஹேர்ஷ்லாக், பிறவுன் என்போர் இதனை ஒரு தூண்டிலால் மீன்பிடிப்பது போன்ற முறையில் ஆராய்ந்தனர். பஃப் புரதம் ஒவ்வொன்றின் முனையிலும் பிடியொன்றைப் பொருத்தினர். மதுவக் கலங்களை உடைத்து, அந்தப் பிடியைக் கௌவும் மணிகளின் உதவியாற் புரதத்தை வெளியே இழுத்தனர். புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த தூதுகளைப் பிரித்தெடுத்து, மதுவத்தின் எல்லாப் பரம்பரையலகுகளும் புள்ளி புள்ளியாகப் பதிக்கப்பட்ட கண்ணாடித் தகட்டிற் பரப்பி, எந்தப் புள்ளி ஒளிர்கிறதெனப் பார்த்தனர். ஐந்து புரதங்களும் 40 முதல் 220 வரை தூதுகளைப் பிடித்து வந்திருந்தன. எண்ணிக்கையைக் காட்டிலும் வியப்பளித்தது அவற்றின் இனம். பஃப்-3 கொண்டுவந்தவை ஏறக்குறைய முற்றாக இழைமணிப் புரதங்களுக்குரியவை. பஃப்-4 கொண்டுவந்தவற்றுட் பல, இறைபோசோம் உருவாகும் புன்கருவின் புரதங்களுக்குரியவை. பஃப்-1, பஃப்-2 ஆகியன மென்சவ்வுகளைச் சார்ந்த புரதங்களின் தூதுகளை நாடின. பஃப்-5 நாடியவற்றில் டீ.என்.ஏ.யைச் சுற்றி வைக்கும் புரதங்களைத் திருத்துவனவற்றின் தூதுகள் இருந்தன.

இதன் பெறுமதியை உணர்வதற்குப் பற்றீரியாவை எண்ணிப் பார்த்தல் நன்று. பற்றீரியாவில் ஒரே தொழிலுக்கு வேண்டிய பரம்பரையலகுகள் பெரும்பாலும் அருகருகே வரிசையாக நின்று, ஒரே நீண்ட தூதாகப் படியெடுக்கப்படுகின்றன. ஒரு வீட்டுக்காரர் யாவருக்கும் ஒரே கடிதம் என்பது போன்ற ஏற்பாடு அது. மதுவத்தில் அந்த ஏற்பாடு இல்லை. இழைமணிக்கு வேண்டிய பரம்பரையலகுகள் அதன் 16 நிறமூர்த்தங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே படியெடுக்கப்படுகிறது. சிதறிக் கிடப்பவற்றை ஒரே சமயத்தில் எழுப்பவும் அடக்கவும் வேண்டுமாயின், அவை எல்லாவற்றுக்கும் பொதுவானதோர் அடையாளம் வேண்டும். பின்குறிப்பிலுள்ள ஒரு சொல்லே அந்த அடையாளம்.

அந்தச் சொல் யாது என்பதும் மேற்படி ஆராய்ச்சியிலிருந்து புலனாயிற்று. முதலில் யு-கு-யு-அ என்னும் நான்கு எழுத்துக்கள், அடுத்து எந்த எழுத்தாயினும் ஒன்று, அதன்பின் அ-யு-அ. இந்த எட்டெழுத்துச் சொல்லே பஃப்-3 தேடும் முகவரி. குடும்பத்தின் மற்ற உறுப்பினருட் பலரும் யு-கு-யு-அ என்றுதான் தொடங்குகின்றனர், முடிவிலேதான் வேற்றுமை.

இனி, இதனைப் புரதம் எப்படி வாசிக்கிறது? மனிதருடலிலுள்ள பூமிலியோ புரதமொன்றை ஆர்.என்.ஏ.த் துண்டொன்றோடு சேர்த்துப் பளிங்காக்கி, எக்சுக் கதிரை அதனூடே செலுத்திப் பெற்ற உருவத்தை 2002ஆம் ஆண்டில் ஹோல், சமோர் ஆகியோரும் உடனுழைத்தோரும் வெளியிட்டனர். உயிரியலிற் பார்க்கத் தெவிட்டாத காட்சிகளுள் அஃது ஒன்று. புரதம் பிறைவடிவானது. ஏறக்குறைய 36 அமினோ அமிலங்களைக் கொண்ட ஒரே மாதிரியான கட்டு எட்டு முறை அடுத்தடுத்து வந்து, வளைந்த மதிலிலே கற்கள் அடுக்கப்பட்டாற்போல அந்தப் பிறையை ஆக்கியிருக்கிறது. பிறையின் உள்வளைவில் ஆர்.என்.ஏ. நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிறது. எட்டுக் கட்டுகள், எட்டு எழுத்துக்கள், கட்டொன்றுக்கு எழுத்தொன்று. ஆர்.என்.ஏ.யின் முதுகெலும்பு வெளிப்புறம் நோக்கி நிற்க, எழுத்துக்கள் புரதத்தின் பக்கமாக முகம் காட்டுகின்றன. இழையின் தலைப்பக்கத்து எழுத்தை வாசிப்பது புரதத்தின் கடைசிக் கட்டு. அதாவது, இரண்டும் எதிரெதிர்த் திசையிற் கிடக்கின்றன. தமிழை இடமிருந்து வலமாக எழுத, வலமிருந்து இடமாக விரல் வைத்துச் சரிபார்ப்பது போன்ற விசித்திரம் இது.

ஒவ்வொரு கட்டிலும் எழுத்தைத் தொடுவன மூன்று அமினோ அமிலங்களே. ஒன்று எழுத்தின் தட்டையான முகத்தின்மீது படிந்து அதனை அசையவிடாமற் பிடிக்கிறது. மற்ற இரண்டும் எழுத்தின் ஓரத்தைத் தொட்டு, ஐதரசன் பிணைப்புக்களால் இஃது எந்த எழுத்து என்று சோதிக்கின்றன. அவ்விரண்டும் அசுபராசீனும் குளூற்றமீனும் ஆயின் யு பொருந்தும். செரீன் அல்லது சிசுற்றீனும், குளூற்றமீனும் ஆயின் அ பொருந்தும். செரீனும் குளூற்றமிக்கமிலமும் ஆயின் கு பொருந்தும். பூட்டின் பற்களுக்கும் திறப்பின் வெட்டுக்களுக்கும் உள்ள உறவு போன்றது இந்தப் பொருத்தம். ஆயினும் ஒரு திறப்புப் போன்று முழுவதும் ஒன்றாகப் பொருந்துவதன்று. எட்டுச் சிறு பூட்டுகள் வரிசையாக நின்று தனித்தனியே பொருந்துகின்றன. புரத உலகில் இத்துணைத் தெளிவான எழுத்திலக்கணம் அரிது. பல்வேறு புரதங்கள் ஆர்.என்.ஏ.யைப் பற்றும் முறைகளை ஆராய்ந்தவர்கள் இத்தகைய ஒழுங்கைக் காணாது சலித்திருந்த காலத்தில் இது வெளிவந்தது.

இலக்கணம் உண்மையாயின் அதனைக் கொண்டு புதுவாக்கியம் எழுத வேண்டுமன்றோ? அதுவும் செய்யப்பட்டது. கட்டொன்றிலுள்ள இரண்டு அமினோ அமிலங்களை மாற்றினால் அது வேறோர் எழுத்தை வாசிக்கும் என்பதைச் சியோங், ஹோல் இருவரும் 2006இல் விரிவாக எடுத்துக்காட்டினர். இயற்கையிலுள்ள இந்த எட்டுக் கட்டுகளிற் சை எழுத்துக்குரிய பொருத்தம் காணப்படவில்லை. 2011ஆம் ஆண்டில் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள், மதுவக் கலத்தையே சோதனைக்களமாகக் கொண்டு, அந்த எழுத்துக்குச் செரீனும் ஆர்சினீனும் பொருந்துமெனக் கண்டறிந்தன. வேண்டிய பிணைப்பு நிகழ்ந்தால் மட்டும் வளரக்கூடிய மதுவத்தை ஆக்கி, எந்தக் கலம் வளர்கிறதென்று பார்ப்பதே அந்தச் சோதனையின் சாரம். நான்கு எழுத்துக்கும் இவ்வாறு இலக்கணம் முற்றுப்பெற்றது.

இந்த இடத்திலே கணக்குப் பார்க்கும் பழக்கமுடைய நேயருக்கு ஓர் ஐயம் எழக்கூடும். நான்கெழுத்து நெடுங்கணக்கில், குறித்த நான்கெழுத்துச் சொல்லொன்று தற்செயலாகவே 256 இடங்களுக்கு ஒரு முறை வந்துவிடும். பஃப்-3இன் சொல்லில் நிலையான எழுத்துக்கள் ஏழு. அது 16,384 இடங்களுக்கு ஒரு முறை வரும். மதுவத் தூதுகளின் பின்குறிப்பு ஒவ்வொன்றும் நூறு எழுத்தளவு என்று கொண்டாலும், 6,000 தூதுகளுக்கு ஆறு இலட்சம் எழுத்துக்களாயின. அவற்றில் அந்தச் சொல் வெறும் தற்செயலால் மட்டும் ஏறக்குறைய 37 முறை வர வேண்டும். அந்தப் பகுதிகளில் அ, யு என்னும் இரண்டும் மிகுதியாகையால் உண்மையான தொகை இதைவிடக் கூடும். ஆகவே எட்டெழுத்தை மட்டும் நம்பினாற் கடிதங்கள் தவறான கையிற் சேரும்.

இதற்கு ஒரு விடை 2009ஆம் ஆண்டிற் கிடைத்தது. மதுவத்துப் பஃப்-3ஐயே ஆர்.என்.ஏ.யோடு பளிங்காக்கிப் பார்த்தபோது, எட்டாவது கட்டுக்கு அப்பால் இன்னுமொரு சிறு குழி இருப்பது தெரிந்தது. யு-கு-யு-அ தொடங்குமிடத்துக்கு இரண்டு எழுத்து முன்னே சை இருந்தால், அது அந்தக் குழியிற் போய் அமர்கிறது. இழைமணித் தூதுகளுட் பெரும்பாலானவற்றில் அந்த இடத்திற் சை இருக்கிறது. கொக்ஸ்-17இற் பஃப்-3 பற்றும் இடங்கள் இரண்டு. இரண்டிலும் அந்தச் சை உண்டு. ஓர் எழுத்துக் கூடினால் தற்செயல் நான்கிலொன்றாகக் குறையும். சை அந்தப் பகுதிகளில் அருகியே வருவதால் அதன் வலிமை கணக்கிற் காண்பதைவிடவும் பெரிது. மற்றைய பஃப் புரதங்களிலிருந்து பஃப்-3ஐப் பிரித்துக் காட்டுவதும் அந்தக் குழியே.

பஃப்-4இன் நிலை வேறு. அதற்கும் கட்டுகள் எட்டே. ஆயினும் அதன் முகவரிக்கு எழுத்துக்கள் ஒன்பது. எட்டுக் கை ஒன்பது பொருளை எங்ஙனம் பற்றும்? 2008இற் பெறப்பட்ட உருவத்தில் விடை இருந்தது. ஒன்பதில் ஓர் எழுத்துப் புரதத்தின் பக்கம் திரும்பாமல் வெளிப்புறம் நோக்கித் திரும்பி நிற்கிறது. இழையில் அது இருக்கிறது, வாசிப்பில் இல்லை. யாப்பிலே ஒற்றெழுத்து ஏட்டில் எழுதப்பட்டிருந்தும் அலகு பெறாது நிற்பதை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. பஃப்-5 இன்னும் தாராளமானது. எட்டு முதற் பன்னிரண்டு எழுத்து வரை நீளமுள்ள முகவரிகளை அது ஏற்றுக்கொள்கிறது. எழுத்தைத் தொடும் அமினோ அமிலங்கள் இந்த மூன்று புரதங்களிலும் பெரும்பாலும் ஒன்றே. வேறுபடுவது பிறையின் வளைவு. வளைவு சிறிது மாறினால் முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் இடையே உள்ள தூரம் மாறுகிறது. அந்தத் தூரத்துக்கு ஏற்ற நீளமுள்ள சொற்களே பொருந்துகின்றன. ஒரே நெடுங்கணக்கைக் கற்ற மூன்று சகோதரர், இடைவெளியை அளக்கும் கோலால் மட்டும் வேறுபட்டு, மூன்று வேறு வேறு கடிதக் கட்டுகளைப் பொறுக்கியெடுக்கின்றனர்.

இதுவரை சொன்னவை எழுத்தை வாசிக்கும் புரதங்கள். எழுத்தைவிட உருவத்தை நம்பும் புரதங்களும் மதுவத்தில் உண்டு. மதுவம் அரும்புவதன்மூலம் பெருகுகிறது. தாய்க்கலத்தின் பக்கத்திலே சிறு அரும்பு தோன்றி வளர்ந்து மகட்கலமாகப் பிரிகிறது. தாய் தன் பால்வகையை மாற்றிக்கொள்ள வல்லது. புதிதாகப் பிரிந்த மகள் அங்ஙனம் மாற்றிக்கொள்வதில்லை. மகளைத் தடுப்பது ஆஷ்-1 என்னும் புரதம். அந்தப் புரதம் மகளிடம் மட்டும் இருப்பதற்குக் காரணம், அதன் தூது ஆர்.என்.ஏ.யே தாயின் உடலிலிருந்து அரும்பின் நுனிக்குச் சுமந்து செல்லப்படுவதுதான். இதனை 1997ஆம் ஆண்டில் இருவேறு குழுக்கள் கண்டறிந்தன. அடுத்த ஆண்டிலே, உயிருள்ள கலத்தில் ஒளிரும் புரதமொன்றால் அந்தத் தூதுக்கு அடையாளமிட்டு, அது நகர்ந்து செல்வதைச் சிங்கரும் உடனுழைத்தோரும் நுணுக்குக்காட்டியின் கீழ்ப் படம் பிடித்தனர். சுமப்பது மயோ-4 என்னும் இயக்கப் புரதம். அது நடப்பதற்கான பாதை அக்ரின் இழை. தூதை இந்தச் சுமைகாரனிடம் ஒப்படைப்பவை ஷீ-2, ஷீ-3 என்னும் இரு புரதங்கள்.

ஆஷ்-1 தூதில் இந்தப் புரதங்கள் பற்றும் இடங்கள் நான்கு. அவற்றுள் மூன்று, புரதத்துக்குரிய வாசகத்தின் நடுவிலேயே இருக்கின்றன. நான்கையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்குப் பொதுவானதொரு நீண்ட சொல் கிடைக்கவில்லை. தம்மோடு தாமே இணைந்து கொண்டைபோல மடியும் இயல்பும், குறித்த இடங்களில் சில எழுத்துக்களுமே பொதுவாக இருந்தன. 2017ஆம் ஆண்டில் நீசிங் முதலியோர் வெளியிட்ட உருவம் இந்த மயக்கத்தை நீக்கிற்று. தனித்திருக்கும்போது அந்த ஆர்.என்.ஏ.த் துண்டு ஒரு நிலையில் நில்லாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. ஷீ-2உம் ஷீ-3உம் சேர்ந்து பற்றியதும் அது கூர்மையாக வளைந்து உறுதியான ஓர் உருவத்தை அடைகிறது. எனவே புரதம் முன்பே இருந்த உருவத்தைத் தேடிக் கண்டதென்பதும் முழு உண்மையன்று; வளையக்கூடியதைத் தேடி வளைத்துக்கொண்டது என்பதே பொருந்தும். ஷீ-2 கருவினுள்ளேயே தூதின்மீது தளர்வாக அமர்கிறது. கருவுக்கு வெளியே ஷீ-3 வந்து சேர்ந்தபின்னரே பிடி இறுகித் தெரிவு திருத்தமாகிறது. ஒருவர் கையொப்பம் போதாது, இருவர் கையொப்பம் வேண்டும் என்னும் வங்கி ஒழுங்கைப் போன்றது இது.

எழுத்தோ உருவமோ, முகவரியைக் கண்டுபிடித்துவிட்டாற் பற்றும் தூதுகளின் பட்டியலை மேசையில் இருந்தபடியே எழுதிவிடலாம் என்று சிலர் எண்ணினர். அந்த எண்ணம் பலிக்கவில்லை. சரியான எட்டெழுத்தும் இருக்கப் பஃப்-3 தொடாத தூதுகள் உள்ளன. அந்தச் சொல் வாசகப் பகுதியினுள்ளே அமைந்துவிட்டால், ஓயாது நடந்துசெல்லும் இறைபோசோம்கள் அங்கே எதனையும் நெடுநேரம் இருக்கவிடுவதில்லை. மடிந்த ஆர்.என்.ஏ.யின் உட்புறத்தில் அகப்பட்டுக்கொண்டால் புரதத்தின் கைக்கு எட்டாது. பழைய ஏட்டுச் சுவடிகளிற் புள்ளியிடாத மெய்யையும், குறிலா நெடிலா என்று வேறுபடுத்தாத எகர ஒகரங்களையும் எடுத்துக் கொண்டு அல்லலுற்ற பதிப்பாசிரியர்கள் இதனை நன்கு விளங்கிக்கொள்வர். எழுத்தை மட்டும் பார்த்து அவர்கள் வாசிக்கவில்லை. முன்னும் பின்னும் நோக்கி, இடமறிந்தே வாசித்தார்கள்.

ஆகையால் எந்தத் தூது உண்மையாகவே கலத்தினுள் பற்றப்படுகிறது என்பதைக் கலத்தையே கேட்டறியும் முறைகள் தேவைப்பட்டன. ஊதா கடந்த கதிரை உயிருள்ள கலங்கள்மீது பாய்ச்சிப் புரதத்தையும் ஆர்.என்.ஏ.யையும் தொட்ட இடத்திலேயே ஒட்டவைப்பது ஒரு முறை. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் லாபொயின்ற், விக்கன்சு முதலியோர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அதைவிட எளிதும் அழகுமானது. தூதுகளின் வாலில் யு எழுத்துக்களைத் தொடுக்கும் நொதியமொன்றைப் புழுவிலிருந்து எடுத்துப் பஃப்-3ஓடு இணைத்து மதுவத்தில் வாழவிட்டனர். பஃப்-3 எந்தத் தூதைப் பற்றியதோ அந்தத் தூதின் கடைசியிற் சில யு எழுத்துக்கள் சேர்ந்துவிட்டன. தபாற்காரன் தொட்ட கடிதம் ஒவ்வொன்றிலும் அவன் பெருவிரல் மை பதிந்தாற்போல! நெடுநேரம் பற்றியதில் மை அதிகம். கலத்தை உடைத்துப் பிரித்தெடுக்கும் வேளையில் ஏற்படும் குழப்பங்களுக்கு இந்த முறையில் இடமில்லை. பற்றுதல் நடந்த காலத்திலேயே சாட்சி எழுதப்பட்டுவிடுகிறது.

இந்தப் புரதங்கள் மதுவத்துக்கு மட்டும் உரிய விந்தை என்று எண்ணுதல் தவறு. மனிதரிடத்துப் பூமிலியோ-1 என்னும் புரதம் போதிய அளவில் இல்லாதபோது நடை தள்ளாடுவது முதலான நரம்பு நோய்கள் தோன்றுவது 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஒரு புரதம் அடியோடு இல்லாமற் போக வேண்டியதில்லை. அளவு குறைந்தாலே போதும். முகவரி வாசிப்பவர் குறைந்த தபாற் கந்தோரில் எந்தக் கடிதம் தேங்கும் என்பதை மதுவத்திற் கற்ற இலக்கணத்தைக் கொண்டே மருத்துவ ஆராய்ச்சியாளர் தேடுகின்றனர்.

முகவரியை வாசித்த பின் நடப்பது யாது என்பது எஞ்சியிருக்கிறது. பஃப்-3 தானே எதனையும் வெட்டுவதில்லை. அது தூதின்மீது அமர்ந்துகொண்டு, அ எழுத்து வாலைக் கொறித்துக் குறைக்கும் நொதியத் தொகுதியொன்றை அழைத்து வருகிறது. வால் குறைந்த தூதின் தலைமூடி கழற்றப்படுகிறது. பிறகு அது தலையிலிருந்து தின்னப்பட்டு ஒழிகிறது. சர்க்கரை நிறைந்த சாற்றில் மதுவம் சர்க்கரையை மதுசாரமாக்கியே வேண்டிய சக்தியைப் பெறுவதால், இழைமணி உலைகளைப் பெருக்க அங்கே அவசரமில்லை. அந்த நிலையில் இழைமணித் தூதுகளைப் பஃப்-3 சிதைத்துக்கொண்டிருப்பது சிக்கனமே. ஆனாற் சர்க்கரை தீரும் வேளை வருகிறது. அப்போது மதுவம் தான் ஆக்கிய மதுசாரத்தையே ஒட்சிசன் கொண்டு எரித்துப் பிழைக்க வேண்டும். அதற்கு இழைமணிகள் வேண்டும். இழைமணிப் புரதங்கள் வேண்டும்.

அந்த வேளையிற் பஃப்-3 தூதுகளை விட்டு விலகிப் போய்விடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். லீ, டூ என்னும் இருவர் 2015இல் அறிவித்தது அதுவன்று. குளுக்கோசு தீர்ந்ததும் பஃப்-3இன்மீது பல இடங்களிற் பொசுபேற்றுக்கள் ஏற்றப்படுகின்றன. அதன்பின் அதே புரதம், அதே எட்டெழுத்தைப் பற்றியபடியே, அந்தத் தூதுகள் இறைபோசோமால் வாசிக்கப்படுவதற்குத் துணைசெய்கிறது. நேற்று வரை கிழித்தெறிந்த கை இன்று வாசித்துக் காட்டுகிறது. முகவரி மாறவில்லை, முகவரியை அறிந்தவரும் மாறவில்லை. பஃப்-3 இல்லாத மதுவம் இந்த மாற்றத்தின்போது இழைமணிப் புரதங்களை வேண்டிய அளவிற் செய்துகொள்ள முடியாமல் இடர்ப்படுகிறது. சர்க்கரை மீண்டும் கிடைத்தாலோ, சில நிமிடங்களுக்குள்ளே பஃப்-3 பழைய தொழிலுக்குத் திரும்பி, இழைமணித் தூதுகளை மறுபடியும் சிதைக்கத் தொடங்குகிறது.